ஸ்காட்லாந்து ஹைலண்ட் எஸ்டேட் ரயில்: மாடலுக்கான பாதையும் நிலையங்களும்

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் எஸ்டேட் நம் ஊர் தேயிலை எஸ்டேட் போன்றது அல்ல. மரமில்லாத மலைச்சரிவுகள், புதர்க்காடு, ஆட்டுப்பட்டி, மான் வேட்டை, கௌதாரி இனப் பறவையான கிரவுஸ் வேட்டை, நடுவில் ஒரு பெரிய மாளிகை, மலைக்குள் தனியே நிற்கும் ஒரு வேட்டை விடுதி என்று பல ஆயிரம் ஏக்கர் பரப்பில் ஒரே குடும்பத்தின் நிலம் அது. அங்கே ஓடிய நேரோ கேஜ் (குறுகிய அகலத் தண்டவாள) ரயில் ஊர்மக்களுக்கானது அல்ல. நிலக்கரி, மரம், தீவனம், விருந்தினர், சுட்டு வீழ்த்திய மான் ஆகியவற்றை ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. பாதை எங்கே வளைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சரக்குதான் தீர்மானிக்கிறது. இதை மறந்து அழகுக்காக நிலையங்களை அடுக்குகிற மாடலில் (சிறிதாக்கிச் செய்யும் ரயில் அமைப்பில்) ரயிலுக்கு ஓட ஒரு காரணமும் இருப்பதில்லை.

அசலாகப் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு, பெர்த்ஷரில் ஸ்பிட்டல் ஆஃப் கிளென்ஷீ அருகே இருந்த டல்மன்சி ரயில். சர் ஆர்ச்சிபால்ட் பர்க்மையர் 1920-இல் தன் மாளிகையிலிருந்து கிளென்லாக்சி வேட்டை விடுதி வரை 2 அடி 6 அங்குல அகலத்தில் போட்ட பாதை. நீளம் சுமார் 4 கி.மீ. மோட்டார் ரயில் என்ற நிறுவனத்தின் பெட்ரோல் எஞ்சின் இழுத்தது. சரிவு செங்குத்தாக இருந்த இடத்தில் வளைந்து ஏறாமல், முன்னும் பின்னுமாக இசட் வடிவில் ஏறியது. 1978 வரை ஓடியது. கவனிக்க வேண்டியது, இத்தனை தூரத்துக்கும் உண்மையான முனைகள் இரண்டே. மல் தீவில் கிரெய்க்னூர் துறைக்கும் டாரசே மாளிகைக்கும் இடையே பின்னாளில் ஓடிய 10¼ அங்குலப் பயணிகள் ரயிலும் அப்படித்தான்: ஒரு முனையில் படகுத்துறை, மறு முனையில் மாளிகை.

லோக்காபர் பாதையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபோர்ட் வில்லியம் அலுமினிய ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தைத் தோண்டுவதற்காக 1925-இல் தொடங்கி 30 கி.மீ.க்கு மேல் நீண்ட 3 அடிப் பாதை அது. தொழிற்சாலையின் பாதை. அதன் கனமான பாலங்களையும் கிடங்குகளையும் எஸ்டேட் மாடலுக்குள் கொண்டுவந்தால் ஒட்டாது.

அளவும் பலகையும்

கீழே சொல்வது ஓஓ9 அளவுக்கு: 1:76 மாடல், 9 மி.மீ. தண்டவாளம். 2 அடி 6 அங்குலத்தை 1:76-இல் சுருக்கினால் கிட்டத்தட்ட 10 மி.மீ., 2 அடியைச் சுருக்கினால் 8 மி.மீ. வரும். 9 மி.மீ. இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் எந்த அசலுக்கும் கண்ணை உறுத்தாது. அசல் 4 கி.மீ. பாதை இந்த அளவில் 52 மீட்டருக்கு மேல் போகும். அதனால் தூரத்தைக் காட்ட முயலாமல் ஏற்றத்தைக் காட்டுங்கள். பார்ப்பவர் மனத்தில் மலைப்பாதை என்று பதிவது ஏற்றத்தால்தான்.

பலகை 2400 × 750 மி.மீ. 1200 நீளமுள்ள இரண்டு துண்டுகளாகச் செய்து நடுவில் போல்ட் போட்டு இணைக்கவும். சட்டம் 9 மி.மீ. பிளைவுட், குறுக்குச் சட்டங்கள் 300 மி.மீ.க்கு ஒன்று. எம்.டி.எஃப். வேண்டாம். ஜல்லி ஒட்டும்போது விழும் தண்ணீரிலேயே ஓரம் உப்பிவிடும், அப்புறம் தண்டவாளம் அலையாகும். 750 மி.மீ. ஆழத்துக்கு முன்னாலிருந்து கை எட்டுவது கடினம். அதனால் சுவரோடு நிரந்தரமாகச் சேர்த்து வைக்காமல், கால்களுக்குச் சக்கரம் போட்டு வெளியே இழுக்கும்படி வையுங்கள்.

பாதையின் வடிவம் இதுதான். பலகையின் வலது முன்மூலையில் படகுத்துறை. அங்கிருந்து முன் ஓரத்தை ஒட்டி, விளிம்பிலிருந்து 60 மி.மீ. உள்ளே, இடதுபுறம் போகிறது. இடது முனையில் 228 மி.மீ. ஆரத்தில் அரைவட்டம் அடித்துப் பின்னால் திரும்புகிறது. இப்போது முன் விளிம்பிலிருந்து 516 மி.மீ. அங்கிருந்து இசட் வடிவில் ஏற்றம். இசட்டின் ஒவ்வொரு கோடும் ஒரு கால். முதல் கால் வலதுபுறம் ஏறும், இரண்டாம் கால் இடதுபுறம், மூன்றாம் கால் மறுபடி வலதுபுறம். மூன்றாம் காலின் முடிவில், பின்பக்க வலது மூலையில் வேட்டை விடுதி.

ஏற்றம்: முதலில் இதைச் சரிசெய்யுங்கள்

நிலையங்களைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு சோதனை. 1.5 மீட்டர் நீளமுள்ள பலகைத் துண்டில் தண்டவாளத்தை ஆணியடித்து, ஒரு முனையை 50 மி.மீ. தூக்குங்கள். அது 30-க்கு 1 என்ற ஏற்றம். உங்கள் எஞ்சின் மூன்று நான்கு-சக்கர வேகன்களை இழுத்துக்கொண்டு நடுவில் நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். பிறகு அதே வேகன்களைத் தள்ளிக்கொண்டும் கிளம்ப வேண்டும். சக்கரம் வழுக்கினால் எஞ்சின் கூட்டுக்குள் ஈயத் துண்டு வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேகனைக் குறையுங்கள். ஏற்றத்தைக் குறைத்தால் இந்தப் பலகை போதாது.

ஒவ்வொரு காலும் 1500 மி.மீ. நீளம். இதில் முதல் 150-ம் கடைசி 150-ம் சமதளத்திலிருந்து ஏற்றத்துக்கு மெல்ல மாறும் பகுதிகள். நடுவில் 1200 மட்டும் முழு 30-க்கு 1. தண்டவாளம் படுக்கும் பட்டை 30 மி.மீ. அகலம், 6 மி.மீ. பிளைவுட். அதைத் தாங்கும் கட்டைகளின் உயரம், காலின் தொடக்கத்திலிருந்து: 150-இல் 2.5 மி.மீ., 450-இல் 12.5, 750-இல் 22.5, 1050-இல் 32.5, 1350-இல் 42.5, முடிவில் 45. மூன்று கால்களும் சேர்ந்து விடுதி 135 மி.மீ. உயரத்தில் நிற்கும். அசலில் இது 10 மீட்டர்தான், ஆனால் கண்ணுக்கு நேராகப் பார்க்கும்போது நல்ல மலையாகவே தெரியும்.

மாறும் பகுதியை விட்டுவிட்டுச் சட்டென்று ஏற்றத்தைத் தொடங்கினால் இரண்டு கோளாறு வரும். வேகன்களை இணைக்கும் பெமோ வகைக் கப்ளிங்கின் கொக்கி, பக்கத்து வேகன் மேலே தூக்கப்படும் அந்த இடத்தில் கழன்றுகொள்ளும். நீண்ட அடித்தட்டுள்ள எஞ்சினாக இருந்தால் நடுச்சக்கரம் காற்றில் நின்று மின்சாரம் அறுந்துபோகும். பாயிண்டை, அதாவது தடம் பிரியும் இடத்தை, ஒருபோதும் இந்த மாறும் பகுதியில் வைக்காதீர்கள், முழுச் சமதளத்தில் வையுங்கள்.

கால்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் காலும் இரண்டாம் காலும் வலது முனையில் ஒரே உயரத்தில் சேர்கின்றன. ஆனால் இடது முனையில் முதல் கால் 0-விலும் இரண்டாம் கால் 90-இலும் இருக்கும். வித்தியாசம் 45 அல்ல, 90 மி.மீ. 45 பாகைச் சரிவில் புல் ஒட்ட வேண்டுமானால், மையத்திலிருந்து மையம் 120 மி.மீ. தேவை: 90 சரிவுக்கு, பட்டைகளின் பாதி அகலங்கள் சேர்ந்து 30. அதற்குக் குறைந்தால் தாங்குசுவர் கட்ட வேண்டியிருக்கும். எஸ்டேட் முதலாளி இத்தனை நீளத்துக்குச் சுவருக்குச் செலவு செய்திருக்க மாட்டார். மூன்றாம் கால் ஆகவே முன் விளிம்பிலிருந்து 636 மி.மீ.

திரும்பும் முனைகள்

முதல் காலின் உச்சியிலும் இரண்டாம் காலின் உச்சியிலும் பாயிண்டைத் தாண்டி ஒரு முட்டுத்தடம் இருக்கும். ரயில் முழுவதும் அதற்குள் போய், பாயிண்ட் மாற்றப்பட்டு, திசை மாறி அடுத்த கால் ஏறும். எஞ்சின் 60 மி.மீ., வேகன் ஒவ்வொன்றும் கப்ளிங்கோடு 55 என்றால் மூன்று வேகன் ரயில் 225. பாயிண்டின் நாக்குமுனையிலிருந்து (நகரும் தண்டவாளத் துண்டின் நுனி) தடுப்புக்கட்டை வரை 260 வையுங்கள். மீதி 35 மி.மீ. நிதானமாக நிறுத்துவதற்கு. முட்டுத்தடம் முழுச் சமதளமாக இருக்கட்டும். அரை மி.மீ. சரிந்தாலும் நல்ல ஊசி அச்சு வேகன்கள் தானாக உருண்டு பாயிண்டுக்குள் வந்து நிற்கும்.

எஞ்சின் முன்னால் இருந்து முதல் காலை ஏறினால், இரண்டாம் காலில் வேகன்களைத் தள்ளும், மூன்றாம் காலில் மறுபடி இழுக்கும். தள்ளுகிற கால் ஒன்றே ஒன்று. அதனால் பாயிண்டிலிருந்து விலகும் வளைவு முடிந்ததும் இரண்டாம் காலை நேர்க்கோடாகப் போட்டுவிடுங்கள். ஏற்றத்தில் தள்ளும்போது வளைவு வந்தால், எடை குறைந்த வேகன் வெளித்தண்டவாளத்தின் மேல் ஏறிக் கவிழும். 50 மி.மீ. வேகன் 15 முதல் 20 கிராம் எடையாவது இருக்க வேண்டும். எடையை அடித்தட்டுக்குள் தாழ்வாக வையுங்கள், சுமைக்கு மேல் வேண்டாம்.

இந்த வரிசை இன்னொரு நன்மையும் தருகிறது. இறங்கி வரும்போது துறையை அடையும் ரயிலில் வேகன்கள் முன்னாலும் எஞ்சின் நிலப்பக்கமும் இருக்கும். கனமான எஞ்சின் மரத்துறைக்கு மேல் ஏறவே வேண்டாம், வேகனைத் தள்ளிவிட்டால் போதும். அடுத்த பயணத்துக்கு அதே எஞ்சின் தானாகவே முன்னால் நிற்கிறது. எஞ்சின் சுற்றிவரும் இரட்டைத்தடம் எங்கும் தேவையில்லை. அந்தத் தடத்துக்கு முன் ஓரத்தில் அரை மீட்டருக்கு மேல் போயிருக்கும்.

ஒரே நிபந்தனை: பக்கத்தடங்கள் எல்லாவற்றிலும் பாயிண்டின் நாக்குமுனை மலைப்பக்கம் பார்க்க வேண்டும். ஏறும் ரயில் பாயிண்டைத் தாண்டிப் போய்ப் பின்வாங்கி வேகனை உள்ளே விடும். இறங்கும் ரயில் நேராகத் தள்ளி விடும். திருப்பிப் போட்டீர்களானால் அந்தப் பக்கத்தடத்துக்கு எந்தப் பயணத்திலும் வேகனைக் கொண்டுபோக முடியாது.

முட்டுத்தடத்தை நீட்டி அதன் முடிவில் கல்குவாரி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். அங்கே ஒரு வேகனை விட்டுவைத்த அந்த நிமிடமே மலைமேல் போகும் வழி அடைபட்டுவிடும்.

மின்சாரம்

நான்கு சக்கர எஞ்சினுக்கு, கேட்டோ நிறுவனத்தின் சிறு மோட்டார் சட்டகத்தில் கட்டியதானாலும் சரி, பிளாஸ்டிக் ஃபிராக் (தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம்) உள்ள பாயிண்ட் எமன். மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கில் நின்றால் அங்கேயே செத்துவிடும். உலோக ஃபிராக் உள்ள பாயிண்ட் வாங்கி, நாக்கோடு சேர்ந்து நகரும் சுவிட்ச் மூலம் ஃபிராக்குக்கு மின்சாரம் கொடுங்கள்.

இசட் பாதையில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் காலின் இரண்டு முனைகளும் பாயிண்டுகளின் ஃபிராக் பக்கத்தில்தான் சேர்கின்றன. கீழ்ப் பாயிண்ட் முதல் காலுக்கும், மேல் பாயிண்ட் இரண்டாம் காலுக்கும் திரும்பியிருந்தால், கீழ் ஃபிராக் வழியாக இரண்டாம் காலின் ஒரு தண்டவாளத்துக்குத் தவறான முனை மின்சாரம் போய் ஷார்ட் ஆகும். இரண்டு முனைகளிலும் ஃபிராக்கிலிருந்து வரும் தண்டவாளங்களில் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, இரண்டாம் காலுக்குத் தனியாக ஒரு ஜோடி கம்பி கொடுத்தால் தீர்ந்தது. முதல் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் இதேபோல்தான். முட்டுத்தடங்களுக்கும் தனித்தனி ஜோடி. தொங்கும் கம்பிகள் 7/0.2 (0.2 மி.மீ. இழைகள் ஏழு), முதன்மைக் கம்பி 16/0.2 போதும். திசை மாறும் இடமாச்சே, வளையத்தடத்தைப் போல மின்முனையை மாற்ற வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். இசட் பாதையில் ரயில் உடல் திரும்புவதில்லை, முன்பக்கத் தண்டவாளம் கடைசி வரை முன்பக்கத் தண்டவாளமாகவே இருக்கிறது.

வெயில் ஏறும் மாடி அறையில் வைப்பதானால் 914 மி.மீ. துண்டுகளின் இணைப்பில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். பலகைகள் சேரும் இடத்தில் தண்டவாள முனைகளைப் பித்தளைத் திருகாணியின் தலையில் ஈயப்பற்று வைத்து நிறுத்துங்கள்.

நிலையங்கள்

படகுத்துறையில் தொடங்கலாம். மேற்குக் கரை எஸ்டேட்டுகளுக்கு நிலக்கரி கொண்டுவந்தது பஃபர் எனப்படும் சிறு நீராவிச் சரக்குக் கப்பல். ஃபோர்த்–கிளைட் கால்வாயின் மதகுகளுக்குள் அடங்க வேண்டி 66 அடி நீளத்தில் பல கப்பல்கள் கட்டினார்கள். 1:76-இல் அது 264 மி.மீ. ஆகவே துறையின் மேல்தளம் 300 மி.மீ. நீளம். அங்கே கடல் ஏற்ற இறக்கம் பெரிது, சுமார் 4 மீட்டர் வரை போகும். மாடலில் 50 மி.மீ.க்கு மேல். தாழ்நீர் நேரத்தைக் காட்டினால், தூண்களின் கீழ் 50 மி.மீ. பாசி படிந்து கரும்பச்சையாகவும் அதற்கு மேல் வெளிறிய சாம்பலாகவும் இருக்க வேண்டும். இதற்காகப் பலகையின் அந்த மூலையை 60 மி.மீ. தாழ்த்திச் சட்டம் அடிக்க வேண்டும், இதை மரம் அறுக்கும் முன் முடிவு செய்யுங்கள். துறையில் ஒரு கைக்கிரேன், நிலக்கரிக் குவியல், ஒரு பூட்டிய தகரக் கொட்டகை போதும். டல்மன்சி போல உள்நாட்டு எஸ்டேட் வேண்டுமென்பவர்கள் துறைக்குப் பதிலாக மாளிகை முற்றத்திலேயே பாதையைத் தொடங்கலாம்.

அடுத்தது மரம் அறுக்கும் ஆலையும் பண்ணைத் தொழுவமும் சேர்ந்த நிறுத்தம், வலது முனையிலிருந்து 500 முதல் 900 மி.மீ. வரை. ஒரு பக்கத்தடம், 400 நீளம். லார்ச், ஸ்காட்ஸ் பைன் கட்டைகள் வருகின்றன, வேலிக்கம்பங்களும் பலகைகளும் போகின்றன. கட்டை ஏற்றும் வேகனில் சுமை அகலம் 28 மி.மீ. தாண்டாமல் பாருங்கள், அரைவட்டத்தில் தாங்குகட்டையில் உரசும். ஓடையைத் தாண்டும் பாலத்தை இதற்கு இடப்புறம் வைக்கலாம்: கல்லால் இரண்டு முட்டுகள், மேலே இரண்டு மர உத்திரங்கள், தளம் தண்ணீருக்கு 30 மி.மீ. மேல். அந்த ஓடைகள் மழையில் ஒரே இரவில் பெருகும். தண்ணீரை ஒட்டிப் போட்ட பாலம் அங்கே ஒரு குளிர்காலம் தாங்காது.

மாளிகை நிறுத்தத்தில் நிறையப் பேர் செய்யும் தவறு, மாளிகையின் முகப்பின் முன்னே ரயிலை நிறுத்துவது. நிலக்கரியும் மீனும் வரும் ரயிலைத் தன் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு எதிரே எந்தப் பிரபுவும் விடமாட்டார். அது சமையற்கட்டின் பின்முற்றத்துக்குத்தான் போகும், ரோடோடென்ட்ரான் புதர்களுக்குப் பின்னால் மறைந்து. 30 மீட்டர் அகலமுள்ள மாளிகை மாடலில் 395 மி.மீ. ஆகும், அதற்கு இடமும் இல்லை. எனவே மாளிகையைக் கட்டவே வேண்டாம். முன் விளிம்பில் 25 மி.மீ. உயரத்துக்கு ஒரு கற்சுவர், அதில் ஒரு வண்டிக்கதவு, சுவரோரம் நிலக்கரிக் கிடங்கு. பார்ப்பவர் நிற்கும் இடம்தான் பின்முற்றம். பிளாட்பாரம் என்று ஒன்று வேண்டியதில்லை. விருந்தினர் ஏற 4 மி.மீ. உயர மரப்படி ஒன்று போதும்.

வேட்டை விடுதிதான் பாதை இருப்பதற்கே காரணம், அதனால் விவரத்தை இங்கே குவியுங்கள். ஒரே தடம், 350 மி.மீ. சமதளம், முடிவில் தடித்த மரக்கட்டை. தாழ்ந்த கல் வீடு, ஸ்லேட் கூரை, இரண்டு முனையிலும் புகைபோக்கி. வீட்டை விடத் தேவையானது மான் இறைச்சிக் கொட்டகை: வடக்குப் பக்கம் நிழலில், நான்கு பக்கமும் காற்று நுழையும் சாய்பட்டைச் சுவர், ஈ நுழையாத வலை, உள்ளே கொக்கிகள். தடம் இந்தக் கொட்டகையின் கதவை ஒட்டி முடிய வேண்டும். மலைமேலிருந்து மானைச் சுமந்து வரும் குட்டைக் குதிரைக்கு ஒரு தொழுவம், நாய்களுக்கு வேலியிட்ட கூண்டு. பின்னால் மீதியிருக்கும் 114 மி.மீ.க்குள் இவை அடங்க, வீட்டைப் பாதி ஆழத்தில் வெட்டிப் பின்திரையோடு ஒட்டலாம்.

நிலமும் பருவமும்

ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். கிரவுஸ் வேட்டை ஆகஸ்ட் 12-இல் தொடங்குகிறது, அதே சமயம் ஹெதர் புதர் ஊதாவாகப் பூத்திருக்கும், மான் வேட்டையும் நடக்கும். ஆகஸ்ட் இறுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அப்போது பிராக்கன் பெரணி இன்னும் பச்சைதான், துருநிறமானால் அது அக்டோபர். ரோடோடென்ட்ரானில் பூ இருக்கக் கூடாது, அது கோடைத் தொடக்கத்திலேயே உதிர்ந்துவிடும். ரோவன் மரத்தில் சிவப்புப் பழம் வைக்கலாம். ஹெதருக்குக் கடையில் வரும் ஊதாத் தூளை அப்படியே போட்டால் சாயம் கொட்டியதுபோல இருக்கும். அதில் பாதியளவு பழுப்பும் கொஞ்சம் கரும்பச்சையும் கலந்து, சரிவின் மேல்பகுதியில் திட்டுத்திட்டாக மட்டும் தூவுங்கள்.

மலைக்கு 50 மி.மீ. நுரைப்பலகைகளை அடுக்கிச் செதுக்கி, மேலே பிளாஸ்டர் துணி. ஜல்லி வெள்ளையாக, புதிதாக இருக்கக் கூடாது. இந்தப் பாதைகளில் சாம்பலும் மண்ணும் ஆற்று மணலும்தான் போட்டார்கள். மெல்லிய சல்லடையில் சலித்த மணலோடு சாம்பல் நிறத் தூள் கலந்து, ஸ்லீப்பர் பாதி மூழ்கும் அளவுக்குப் பரப்பி, பிவிஏ பசையும் தண்ணீரும் சம அளவில் ஒரு துளி பாத்திர சோப்போடு கலந்து சொட்டுங்கள். பாயிண்டின் நாக்குகளுக்கு 30 மி.மீ. அருகில் சொட்டாதீர்கள், தண்ணீர் ஸ்லீப்பருக்கு அடியில் ஓடி நாக்கைக் கெட்டியாகப் பிடித்துவிடும். அந்த இடத்தில் பெயிண்ட் அடித்து மேலே உலர்ந்த தூள் தூவினால் போதும். தண்டவாளங்களுக்கு நடுவே 2 மி.மீ. புல் ஒட்டலாம். ஒட்டிய பிறகு ஒரு வேகனை விரலால் தள்ளிப் பாருங்கள். தண்டவாளத்தின் உட்பக்கம் ஒட்டிய நார் சக்கர விளிம்பைத் தூக்கும், ஏற்றத்தில் தள்ளும்போது அங்கேதான் தடம்புரளும். பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத் தலையைத் துடைத்த பிறகே எஞ்சினை ஏற்றுங்கள்.